முதலில் காப்பு, பிறகு தேட்டம்

பிள்ளைகளே,

குளிரில் ஒரு வீட்டை எப்படி வெதுவெதுப்பாக வைத்துக்கொள்வது என்ற கேள்வியோடு என் வாழ்நாளின் பெரும்பகுதி கழிந்தது. தாமிரபரணிக் கரையில் பிறந்து, வெயிலுக்கு ஒதுங்கி நிழல் தேடியே வளர்ந்த எனக்கு, கனடாவின் சஸ்காட்செவன் சமவெளியில் பிழைப்பு அமைந்தது. சனவரி இரவுகளில் வெப்பநிலை மைனஸ் 40 டிகிரி வரை இறங்கும் நாடு அது. கட்டட வேலையில் இருந்ததால், சூரியனைக் கொண்டு வீட்டைச் சூடாக்க அறிஞர்கள் செய்த சோதனைகளைத் தேடித் தேடிப் படித்தேன். எங்கள் சொந்த வீட்டிலும் குடும்பமாகச் சிலவற்றைச் செய்து பார்த்தோம். அத்தனையிலிருந்தும் நான் பெற்ற பாடம் ஒன்றே: தேடுவதற்கு முன் காக்கப் பழகு. வீட்டுக்கு மெய்யான இது வாழ்வுக்கும் மெய் என்பதை இந்த வயதில் துணிந்து சொல்கிறேன்.

1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடி உலகை உலுக்கிய பிறகு வந்த காலம் அது. எரிபொருள் விலை ஏறிக்கொண்டே போனது. நாங்கள் குடியிருந்த பழைய வாடகை வீட்டில், நிலவறையில் இருந்த ஃபர்னஸ் இரவு பகலாக ஓடியும் சன்னலருகே உட்கார முடியாது. சம்பளத்தில் கணிசமான பங்கை அந்த உலை விழுங்கியது. இன்னும் பெரிய ஃபர்னஸாக மாற்றிவிடச் சொன்னார்கள் தெரிந்தவர்கள்.

என் மனைவியோ, சாமி படத்தின் முன் ஏற்றிய ஊதுபத்தியைக் கையில் எடுத்துக்கொண்டு அறை அறையாக நடந்தாள். புகை நேராக எழுந்த இடத்தில் குறையில்லை. அது வளைந்து ஓடிய இடத்தில் வெளிக்காற்று உள்ளே வந்துகொண்டிருந்தது. சன்னல் சட்டம், கதவின் அடி, சுவிட்சுப் பெட்டி, கூரைப் பரணுக்கு ஏறும் திறப்பு என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தோம். ரப்பர் பட்டையும் அடைப்புப் பசையும் வாங்கி எல்லாவற்றையும் மூடினோம். அந்தக் குளிர்காலத்திலேயே உலை ஓடும் நேரம் குறைந்தது.

வருவாய் போதவில்லை என்று வருந்துகிற இளைஞர்களைக் காணும்போதெல்லாம் அந்த ஊதுபத்திப் புகை என் நினைவுக்கு வரும். ஓட்டைக் குடத்தில் இறைப்பவன் கிணற்றைக் குறை சொல்லிப் பயனில்லை. பணமானாலும் காலமானாலும் மனவலிமையானாலும், எந்தச் சந்து வழியே போகிறது என்று முதலில் பாருங்கள். அதைப் பார்க்கப் பெருஞ்செலவு ஆகாது. பொறுமையாக ஒருமுறை சுற்றி வரும் மனம் போதும்.

எங்கள் வீட்டில் நடந்த அந்தச் சிறு காரியத்தையே பெரிய அளவில் செய்து காட்டியது, 1977இல் எங்கள் மாகாணத் தலைநகரான ரெஜைனாவில் எழுந்த ஒரு வீடு. சஸ்காட்செவன் கன்சர்வேஷன் ஹவுஸ் என்று அதற்குப் பெயர். இந்த நிலத்துக்கு ஏற்ற ஒரு சூரிய வீட்டைக் கட்டித் தாருங்கள் என்று மாகாண அரசு பொறியாளர்களைக் கேட்டது. ஹரோல்ட் ஓர் முதலிய பொறியாளர்கள் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். ரெஜைனாவில் டிசம்பர் மாதப் பகல் ஏறத்தாழ 8 மணி நேரம்தான். நண்பகலில்கூடச் சூரியன் அடிவானத்துக்கு மேல் 16 டிகிரி அளவே எழும். வெப்பம் மிகுதியாக வேண்டிய நாள்களில்தான் சூரியன் கொடுப்பதும் மிகக் குறைவாக இருந்தது. ஆகவே, சூரியனிடம் கேட்கும் முன் வீட்டின் தேவையைக் குறைப்பது என்று அவர்கள் முடிவு செய்தார்கள்.

சுவருக்குள் ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் தடிமனுக்கு வெப்பக்காப்புப் பஞ்சு வைத்தார்கள். கூரையில் அதைவிடவும் கூடுதலாக. காற்று கசியாதபடி வீட்டையே பாலித்தீன் தாளால் உட்புறம் போர்த்தினார்கள். அப்படி இறுக மூடிய வீட்டில் மூச்சுக்காற்று கெடாதிருக்க ஒரு காற்றுப் பரிமாற்றியை வைத்தார்கள். வெளியேறும் சூடான காற்று, உள்ளே வரும் குளிர்ந்த காற்றுக்குத் தன் வெப்பத்தைக் கொடுத்துவிட்டுப் போகும், இரண்டும் கலப்பதில்லை. அந்த வீட்டில் ஃபர்னஸே கிடையாது. அரசு விரும்பியபடி வெற்றிடக் கண்ணாடிக் குழாய்களால் ஆன சூரியக் கருவியும் பொருத்தப்பட்டது. அதற்குச் செலவும் மிகுதி, பராமரிப்பும் மிகுதி. பிற்காலத்தில் அதை எடுத்துவிட்டார்கள். சுவருக்குள் கிடந்த பஞ்சும் தாளும் எந்தப் பராமரிப்பும் கேட்காமல் தம் வேலையைச் செய்தன.

அந்த வீட்டைக் காண வந்தவர்களின் கண்கள் கருவியின் மேல்தான் போயின. பஞ்சை யார் பார்ப்பார்கள்? ஆனால் பார்க்க வேண்டியவர்கள் பார்த்தார்கள். ஜெர்மனியில் வோல்ஃப்காங் ஃபைஸ்ட் என்ற இயற்பியலாளர், இத்தகைய முன்னோடிகளின் அனுபவத்தை எடுத்துக்கொண்டு டார்ம்ஸ்டாட் நகரில் நான்கு தொடர்வீடுகளை எழுப்பச் செய்தார். 1991இல் தம் குடும்பத்தோடு அவற்றில் ஒன்றில் தாமே குடியேறினார். ‘பாசிவ் ஹவுஸ்’ என்று உலகம் இன்று அழைக்கும் கட்டட முறைக்கு அதுவே தொடக்கம். அதன் அளவுகோலின்படி ஒரு சதுர மீட்டர் பரப்பைச் சூடாக்க ஆண்டு முழுவதற்கும் 15 கிலோவாட் மணிக்கு மேல் ஆகக் கூடாது. நம் மின் கட்டணக் கணக்கில் சொன்னால் 15 யூனிட். கால் நூற்றாண்டு கழித்துச் சோதித்தபோதும் டார்ம்ஸ்டாட் வீட்டின் காப்பு குன்றியிருக்கவில்லை. வழிகாட்டிய ஹரோல்ட் ஓருக்கு 2015இல் ஜெர்மானியர்கள் முன்னோடி விருது அளித்தார்கள். ரெஜைனா வீடு கட்டி 38 ஆண்டுகளுக்குப் பிறகு வந்த மதிப்பு அது. சுவருக்குள் மறைந்து கிடக்கும் உழைப்புக்குப் புகழ் தாமதமாகவே வரும், பிள்ளைகளே. தாமதமானாலும் அது நின்று நிலைக்கும்.

நாங்கள் சொந்த வீடு கட்டிய காலத்தில் இந்த அறிவு எங்களுக்குக் கைகொடுத்தது. கையிலிருந்த பணத்தில் முதற்பங்கைச் சுவருக்கும் கூரைக்கும் கொடுத்தோம். வடக்கே சன்னல்களைக் குறைத்தோம். தெற்கே அளவாக வைத்தோம். தென்சன்னல்களுக்கு எதிரே வீட்டுக்குள் ஒரு செங்கற்சுவர் எழுப்பினோம். குளிர்காலத்துத் தாழ்ந்த சூரியன் நேரே உள்ளே நுழைந்து அந்தச் சுவரில் படும். கோடையில் சூரியன் உயர ஏறிவிடுவதால், வெளியே நீண்டிருக்கும் கூரை விளிம்பு வெயிலைத் தடுத்துவிடும். எந்த விசையும் தொடாமல் பருவத்துக்கேற்ப வெயிலை ஏற்கவும் மறுக்கவும் அந்த வீட்டுக்குத் தெரிந்திருந்தது.

இவ்வளவும் ஆன பிறகுதான் சூரியக் கருவிக்குப் போனோம். தென்சுவரின் வெளிப்புறத்தில் கறுப்பு வண்ணம் பூசிய உலோகத் தகடு ஒன்றை நிறுத்தி, அதன் முன்னே கண்ணாடி பொருத்தினோம். வீட்டுக்காற்று கீழ்த்துளை வழியே தகட்டின் பின்னே புகுந்து, சூடேறி, சிறு விசிறியின் உதவியோடு மேல்துளை வழியே அறைக்குத் திரும்பும். கூரையில் சாய்த்து வைக்காமல் சுவரில் நிமிர்த்தி வைத்ததற்குக் காரணம் உண்டு. நிமிர்ந்த தகட்டில் பனி தங்காது. தரையில் கிடக்கும் வெண்பனி பட்டுத் திரும்பும் ஒளியும் அதில் வந்து விழும். வெளியே மைனஸ் 25 டிகிரி, வானம் தெளிவு என்றால், மேல்துளையில் வரும் காற்று கைக்கு இதமாகச் சுடும். இரவில் இதே பாதையில் காற்று எதிர்த்திசையில் ஓடி வீட்டைக் குளிரவைக்கும் என்பதால் துளைக்கு ஒரு மெல்லிய மடிப்பு மூடி வைத்திருந்தோம். பகலில் கொடுக்கும் வழியே இரவில் பறிக்கும் வழியாகவும் ஆகும் என்பதை மறக்கக் கூடாது.

வெளி வெப்பம், உள் வெப்பம், உலை ஓடிய நேரம் மூன்றையும் என் மகள் மாலைதோறும் ஒரு நோட்டில் எழுதுவாள். மகன் தென்சன்னல்களுக்குத் தடித்த காப்புத் திரையை இழுத்து மூடுவான். பொழுது சாய்ந்த பின் திரை மூடாத சன்னல் பகலில் பெற்றதையெல்லாம் இரவில் இழந்துவிடும். பள்ளித் தேர்வு நாளிலும் விருந்தினர் வந்த நாளிலும் அந்த இரண்டு கடமைகளும் நடந்தன. நோட்டைப் புரட்டிப் பார்த்தபோது, கருவி தன் பங்கைச் செய்தது தெரிந்தது; அதைவிடப் பெரிய பங்கைச் சுவரும் திரையும் செய்ததும் தெரிந்தது. இன்று என் பிள்ளைகள் தத்தம் துறையில் நம்பத்தக்கவர்கள் என்று பெயர் எடுத்திருக்கிறார்கள் என்றால், அந்தத் திரைக்கும் நோட்டுக்கும் அதில் பங்குண்டு என்று நான் நம்புகிறேன்.

ஊரிலிருந்து வந்து எங்களோடு ஒரு குளிர்காலம் தங்கியிருந்த என் தாயார், தென்சன்னல் வெயிலில் வடகம் பிழிந்து காயவைத்தார். வெளியே உறைந்து கிடக்கும் உலகம். உள்ளே உலர்ந்த காற்றில் வடகம் நன்றாகக் காய்ந்தது. எந்த நாட்டுச் சூரியனும் அம்மாவுக்கு அந்நியமாக இருக்கவில்லை. இருப்பதைப் பயன்படுத்தத் தெரிந்தவர்களுக்கு அயலூர் என்று ஒன்று கிடையாது.

சூரிய வெப்பத்தைப் பெறுவதைவிடச் சேமித்து வைப்பதே கடினம். அமெரிக்காவின் எம்.ஐ.டி. 1939இல் கட்டிய முதற் சோதனை வீட்டில் நிலவறை முழுதும் ஒரு பெரிய நீர்த்தொட்டி இருந்தது. கோடை வெப்பத்தை நீரில் சேர்த்துக் குளிர்காலத்துக்கு வைத்துக்கொள்ளும் ஏற்பாடு அது. வேலை செய்தது, ஆனால் சாதாரணக் குடும்பம் தாங்கும் செலவாக இல்லை. பிறகு ஹங்கேரியில் பிறந்த மரியா டெல்கெஸ் என்ற விஞ்ஞானி வேறு வழி கண்டார். திருப்பூர்ச் சாயப்பட்டறைக்காரர்கள் நன்கறிந்த கிளாபர் உப்புதான் அவர் தேர்ந்த பொருள். நீரேறிய அந்த உப்பு சுமார் 32 டிகிரியில் உருகும். ஒரு கிலோ உப்பு உருகும்போது உட்கொள்ளும் வெப்பம், ஒரு கிலோ நீரை 60 டிகிரி சூடேற்றத் தேவைப்படும் வெப்பத்துக்கு ஈடு. இரவில் அது மீண்டும் உறையும்போது அந்த வெப்பம் அறைக்குத் திரும்பி வரும்.

1948இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் டோவர் என்ற ஊரில், கட்டடக் கலைஞர் எலினோர் ரேமண்ட் வடிவமைக்க, சிற்பி அமேலியா பீபாடி பணம் கொடுக்க, டெல்கெஸின் சூரிய வீடு எழுந்தது. மூன்று பெண்களின் முயற்சி. டெல்கெஸின் உறவினர் குடும்பம் ஒன்று அதில் குடியேறியது. தொடக்கத்தில் வீடு வெதுவெதுப்பாக இருந்தது, பத்திரிகைகள் போற்றின. சில ஆண்டுகளுக்குள் உப்பு அடுக்கடுக்காகப் பிரிந்து, முன்போல் உருகி உறையும் தன்மையை இழந்தது. கலங்களும் அரித்துக் கசிந்தன. கடைசியில் அந்த வீட்டுக்கும் வழக்கமான வெப்ப உலை வந்து சேர்ந்தது.

அத்தோடு ஒதுங்கியிருந்தால் யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். டெல்கெஸ் ஒதுங்கவில்லை. 1973இல் டெலவேர் பல்கலைக்கழகம் கட்டிய ‘சோலார் ஒன்’ வீட்டில், எழுபது வயதைக் கடந்த நிலையில், அதே உப்புச் சேமிப்பைத் திருத்தி அமைக்க உழைத்தார். 94ஆம் வயதில் மறையும்வரை அந்தத் துறையில் அவருடைய பெயர் மங்கவில்லை. உருகி உறையும் பொருள்களைச் சுவர்ப்பலகைகளுக்குள் வைத்து இன்று கட்டப்படும் கட்டடங்கள் அவர் தொடங்கிய வழியில் வந்தவையே. தோற்றது ஒரு வீட்டின் உப்பு. அவருடைய எண்ணம் தோற்கவில்லை. செய்த காரியம் பழுதானால், பழுதானது எது என்று பிரித்துப் பாருங்கள். முழுவதையும் தூக்கி எறிவது எளிது. பழுதை மட்டும் நீக்குவதற்குத்தான் நெஞ்சுரம் வேண்டும்.

இன்னொருவர் ஜார்ஜ் லோஃப். கொலராடோ மாநிலத்துப் பொறியாளர். 1945இல் போல்டர் நகரில் தாம் குடியிருந்த வீட்டின் கூரையிலேயே சூரியக் காற்றுக் கருவியைப் பொருத்திச் சோதித்தவர். 1957இல் டென்வரில் புதுவீடு கட்டினார். வெப்பத்தைச் சேமிக்க அவர் தேர்ந்தது சரளைக்கல். வீட்டின் நடுவே நிற்கும் இரண்டு உயரமான உருளைகளில் ஏறத்தாழ 12 டன் கல்லை நிரப்பினார். கூரையில் சூடேறிய காற்று பகலில் கல்லினூடே போகும். இரவில் கல் அதைத் திருப்பிக் கொடுக்கும். வீட்டின் வெப்பத் தேவையில் கால்பங்கு அளவைத்தான் அது ஈடு செய்தது. முழுவதையும் செய்வதாக லோஃப் யாரிடமும் சொல்லவில்லை. அந்தக் கால்பங்கைப் பல பத்தாண்டுகள் அது தவறாமல் கொடுத்தது. 2009இல் 95 வயதில் மறையும்வரை அவர் அந்த வீட்டிலேயே வாழ்ந்தார். எல்லாம் தருவதாகச் சொல்லி இரண்டாண்டில் ஓய்ந்துபோவதைவிட, கால்பங்கு தருவதாகச் சொல்லி ஐம்பதாண்டு நிற்பது மேல். வேலைக்குப் புதிதாகச் சேரும் பிள்ளைகள் இதை மனத்தில் எழுதிக்கொள்ள வேண்டும்.

மிகுதியாலும் கேடு வரும். எங்கள் பகுதியில் ஒருவர் தென்முகம் முழுவதையும் கண்ணாடியாக்கி வீடு கட்டினார். வெப்பத்தைத் தாங்கி வைக்கச் செங்கல்லோ கான்கிரீட்டோ உள்ளே இல்லை. பிப்ரவரி மாதத்து நல்ல வெயிலில், வெளியே பனி உறைந்து கிடக்கும்போது அவர் வீட்டுக்குள் வியர்த்துச் சன்னலைத் திறப்பார். அன்றிரவே கம்பளிக்குள் ஒடுங்குவார். எழுபதுகளின் ஆர்வத்தில் வட அமெரிக்காவில் கட்டப்பட்ட பல சூரிய வீடுகளுக்கு இதே குறை இருந்தது. தாங்கும் வலிமை இல்லாத இடத்தில் மிகுந்த வரவும் துன்பமே. திடீர்ச் செல்வமும் திடீர்ப் புகழும் வந்த சில இளைஞர்கள் பகலில் கொதித்து இரவில் உறைந்ததை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குள்ளே ஒரு செங்கற்சுவர் எழும்பியிருக்கவில்லை. படிப்பு, ஒழுக்கம், குடும்பப் பிணைப்பு ஆகியவற்றால் மெல்ல மெல்ல எழும்பும் சுவர் அது. மெல்லச் சூடேறுவதே மெல்ல ஆறும்.

உலகின் ஆர்வமும் அப்படித்தான் ஏறி இறங்கியது. 1979இல் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர் வெள்ளை மாளிகையின் கூரையில் நீரைச் சூடாக்கும் 32 சூரியத் தகடுகளை வைத்தார். 1986இல், ரீகன் ஆட்சியில், கூரை பழுதுபார்க்கும் வேலையின்போது அவை இறக்கப்பட்டன, திரும்ப ஏறவில்லை. எண்ணெய் விலை விழுந்துவிட்டது, வரிச்சலுகையும் நின்றுபோயிருந்தது. ஊரூராக முளைத்த சூரியக் கருவிக் கடைகள் மூடப்பட்டன. எங்கள் வீட்டுத் தகட்டைப் பார்த்து, இன்னும் இதை ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று அயலார் கேட்டார்கள். வெயில் இன்னும் வருகிறதே என்று பதில் சொன்னேன். வெள்ளை மாளிகையிலிருந்து இறக்கப்பட்ட தகடுகளில் சில, மெய்ன் மாநிலத்தின் யூனிட்டி கல்லூரிக்குப் போய், அங்கே உணவுக்கூடத்துக்குப் பல ஆண்டுகள் வெந்நீர் கொடுத்தன. தகடு மாறவில்லை, அதைப் பார்த்தவர்களின் மனம் மாறியிருந்தது. நீங்கள் நன்றென்று ஆராய்ந்து ஏற்றுக்கொண்ட ஒன்றை, ஊர் மறந்துவிட்டது என்பதற்காகக் கைவிடாதீர்கள்.

இதெல்லாம் பணமுள்ள நாடுகளின் கதை என்று நினைத்தால் லடாக்கைப் பாருங்கள். லே நகருக்கு அருகே, சிந்து நதிக்கரையில் பே என்ற இடத்தில் செக்மால் பள்ளி இருக்கிறது. 1988இல் சோனம் வாங்சுக்கும் நண்பர்களும் தொடங்கிய இயக்கத்தின் வளாகம் அது. பத்தாம் வகுப்பில் தேறாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகளுக்கு அங்கே இடம் உண்டு. தடித்த மண்சுவர், தெற்கு நோக்கிய சன்னல்கள், குளிர்காலத்தில் மட்டும் தென்முகத்தில் கட்டிக் கோடையில் கழற்றிவிடும் பிளாஸ்டிக் தாள் கூடாரம் — இவ்வளவுதான் ஏற்பாடு. வெளியே மைனஸ் 15 டிகிரி இருக்கும் நாளிலும், விறகோ கரியோ எரிக்காமல் பிள்ளைகள் உள்ளே அமர்ந்து படிக்கிறார்கள். மண்ணும் வெயிலும் அவர்கள் ஊரிலேயே இருந்தவை. இல்லாததை எண்ணி ஏங்காமல், இருந்ததைக் காத்துக்கொண்ட அறிவே அங்கே வெப்பம் தருகிறது.

தமிழ்நாட்டின் சமவெளியில் இருக்கும் உங்களுக்கு வீட்டைச் சூடாக்கும் கவலை இல்லை; குளிரவைக்கும் கவலை உண்டு. விதி அதுவேதான். ஏசி வாங்கும் முன் மேற்குச் சுவருக்கு நிழல் கொடுங்கள். மொட்டைமாடிக்கு வெள்ளைப் பூச்சு அடியுங்கள். சன்னல் இடுக்கைப் பாருங்கள். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் இருப்பவர்களுக்கு ஒரு சொல்: மூடிய அறைக்குள் கரி அடுப்பு வைத்துக் குளிர்காயாதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் இல்லாதது. தூக்கத்திலேயே உயிரைக் கொண்டுபோய்விடும். உறைபனி விழும் இரவுகளுக்கு முந்திய பகல்கள் பெரும்பாலும் தெளிந்த வெயிலுள்ளவை. அந்த வெயிலைத் தெற்குச் சன்னல் வழியே உள்ளே அழைத்து, மாலையில் கதவை இறுக மூடித் தடித்த திரை போடுங்கள்.

பிள்ளைகளே, உங்களுக்கு நல்ல காலமும் வரும்; சூரியன் தாழ்ந்த காலமும் வரும். இரண்டும் உங்களைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. தாழ்ந்த காலத்தைத் தாங்கும் சுவரை நல்ல காலத்திலேயே எழுப்பிக்கொள்ளுங்கள். செலவின் சந்துகளை அடைத்துவிடுங்கள். செய்வதை அளந்து எழுதிவையுங்கள். பழுதானதைத் திருத்துங்கள். தேட்டம் அதன்பின் வரட்டும். வருவது சிறிதே ஆனாலும், காக்கத் தெரிந்த கையில் அது ஒரு குடும்பத்துக்குப் போதும்.